டீட்ரிக் கான்ராட்

பேராசிரியர் டீட்ரிக் கான்ராட் செருமனியைச் சேர்ந்த அரசியலமைப்புச் சட்ட அறிஞர் ஆவார். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு நிறுவனத்தில் சட்டத்துறைத் தலைவராகப் பணியாற்றினார். இந்திய அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லைகள் உண்டு என்று 1965 ஆம் ஆண்டிலேயே வாதிட்டவர். இந்திய உச்ச நீதிமன்றம் 1973 இல் வகுத்த அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டுக்கு இவரது ஆய்வு முக்கியத் தூண்டுதலாக அமைந்தது. இவரது கருத்து நீதிமன்றத்தை எட்டியதில் சென்னையின் சட்ட அறிஞர்களுக்கும் பங்கு உண்டு.

பணி

ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வு நிறுவனம் 1962 இல் தொடங்கப்பட்டது. மொழி, வரலாறு, பொருளாதாரம், சட்டம் எனப் பல துறைகளில் இந்தியத் துணைக்கண்டத்தை ஆராய்வது அதன் நோக்கம். கான்ராட் அங்கே இந்தியா, பாக்கித்தான் ஆகிய நாடுகளின் அரசியலமைப்புச் சட்டங்களை ஆராய்ந்தார். திருத்தும் அதிகாரத்தின் எல்லை, மதம் சார்ந்த தனிநபர் சட்டங்களால் எழும் அரசியலமைப்புச் சிக்கல்கள், துணைக்கண்டத்தின் சட்டப் பண்பாடு ஆகியவை இவர் எழுதிய பொருள்களுள் சில. இவற்றுள் முதலாவதே இவரது பெயரை இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளில் இடம்பெறச் செய்தது.

பின்புலம்

அரசியலமைப்பைத் திருத்தும் முறையை இந்திய அரசியலமைப்பின் 368 ஆம் பிரிவு கூறுகிறது. பொதுவாக, நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரித்தால் திருத்தம் நிறைவேறும். சில வகைத் திருத்தங்களுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவற்றின் ஒப்புதலும் வேண்டும். எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக் கூடாது என்று அப்பிரிவின் மூல வாசகத்தில் எதுவும் இல்லை.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அடுத்த ஆண்டிலேயே இது குறித்த சிக்கல் எழுந்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஒதுக்கீட்டு ஆணை செல்லாது எனச் செண்பகம் துரைராசன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களை எதிர்த்த வழக்குகளும் அதே ஆண்டு முதலாவது திருத்தம் கொண்டுவரப்படக் காரணங்களாயின. அத்திருத்தத்தை எதிர்த்த சங்கரி பிரசாத் வழக்கில் (1951), அடிப்படை உரிமைகளையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்று நீதிமன்றம் கூறியது.

17 ஆம் திருத்தத்தை எதிர்த்த சஜ்ஜன் சிங் வழக்கிலும் 1964 அக்டோபர் 30 அன்று இதே நிலைப்பாடு உறுதி செய்யப்பட்டது. ஆனால் இம்முறை நீதிபதிகள் ஹிதாயத்துல்லா, முதோல்கர் ஆகிய இருவரும் ஐயம் தெரிவித்தனர். அரசியலமைப்பின் அடிப்படைக் கூறு ஒன்றை மாற்றுவது திருத்தம் ஆகுமா, அல்லது அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் புதிதாக எழுதுவது ஆகுமா என்று முதோல்கர் வினவினார். அவ்வினாவுக்கு அப்போது விடை கூறப்படவில்லை.

காசி சொற்பொழிவு (1965)

இத்தீர்ப்பு வெளிவந்து நான்கு மாதங்களுக்குள், 1965 பிப்ரவரியில், இந்தியா வந்திருந்த கான்ராட் காசி இந்து பல்கலைக்கழகச் சட்டத்துறையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். திருத்தும் அதிகாரத்தின் உள்ளுறை எல்லைகள் என்பது அதன் பொருள்.

உச்ச நீதிமன்றம் இதுவரை மிகக் கடுமையான திருத்தம் எதையும் எதிர்கொள்ளாததால்தான் இவ்வாறு தீர்ப்பளித்திருக்கக்கூடும் என்று கான்ராட் கருதினார். அத்தகைய நிலைமைகளை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது சட்ட அறிஞரின் கடமை என்று கூறி, கற்பனையான சில திருத்தங்களை அவையின் முன் வைத்தார். அவை வருமாறு:

1. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையைக் கொண்டு 1 ஆம் பிரிவை மாற்றி, இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தானம் என்றும் இரு நாடுகளாகப் பிரிக்கலாமா?
2. உயிருக்கும் தனிமனித உரிமைக்கும் காப்பளிக்கும் 21 ஆம் பிரிவை நீக்கிவிடலாமா?
3. ஆளுங்கட்சி தன் பெரும்பான்மை குறைந்து வருவதைக் கண்டு, திருத்தும் அதிகாரம் முழுவதையும் பிரதமரின் அறிவுரைப்படி செயல்படும் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கும்படி 368 ஆம் பிரிவையே மாற்றலாமா?
4. அரசியலமைப்பை ஒழித்து, முகலாயப் பேரரசையோ பிரித்தானிய முடியாட்சியையோ மீண்டும் கொண்டுவரலாமா?

இவற்றுள் முதல் வினா அன்றைய அரசியலில் வெறும் கற்பனை அன்று. திராவிட முன்னேற்றக் கழகம் தனித் திராவிட நாட்டுக் கோரிக்கையை 1963 இல்தான் கைவிட்டிருந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற 16 ஆம் திருத்தமும் அதே ஆண்டில்தான் வந்தது. கான்ராட் காசியில் பேசிய அதே மாதத்தில் சென்னை மாநிலம் முழுவதும் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது.

வைமார் குடியரசின் படிப்பினை

இவ்வினாக்களைக் கான்ராட் தம் நாட்டின் வரலாற்றிலிருந்து எடுத்தார். முதல் உலகப் போருக்குப் பின் 1919 இல் செருமனியில் வைமார் அரசியலமைப்பு இயற்றப்பட்டது. அதன் 76 ஆம் பிரிவு, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் அரசியலமைப்பைத் திருத்தலாம் என்று கூறியது. அந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பது குறித்துச் செருமானியச் சட்ட அறிஞர்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதிட்டனர்.

ஹைடல்பர்க் பேராசிரியரான கெர்ஹார்டு ஆன்சூட்ஸ், வகுக்கப்பட்ட நடைமுறையைப் பின்பற்றினால் எதையும் திருத்தலாம் என்ற கருத்துடையவர். கார்ல் சிமிட் 1928 இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். ஒரு மக்கள் கூட்டம் தன் ஆட்சிமுறை பற்றி எடுக்கும் அடிப்படை முடிவு வேறு, அதன் கீழ் எழுதப்படும் தனித்தனிப் பிரிவுகள் வேறு. திருத்தும் அதிகாரம் இரண்டாவதற்கு மட்டுமே உரியது என்றார்.

ஏட்டளவிலான விவாதமாகத் தோன்றிய இது சில ஆண்டுகளில் வாழ்வா சாவா என்ற சிக்கலாயிற்று. இட்லரின் அமைச்சரவையே நாடாளுமன்றத்தைக் கேளாமல் சட்டம் இயற்றலாம், அச்சட்டம் அரசியலமைப்பிலிருந்து விலகியும் இருக்கலாம் என்று கூறும் அதிகாரமளிப்புச் சட்டம் 1933 மார்ச் 23 அன்று 444 வாக்குகள் ஆதரவாகவும் 94 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறியது. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் அவைக்கு வர முடியாதபடி சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தனர். சர்வாதிகாரம் சட்டத்தின் வடிவத்திலேயே வந்தது.

அதன் பின் இரு அறிஞர்களும் நடந்துகொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. எல்லை இல்லை என்று வாதிட்ட ஆன்சூட்ஸ், புதிய ஆட்சியின் சட்டத்தைத் தம்மால் கற்பிக்க இயலாது என்று கூறி 1933 இல் பதவியிலிருந்து விலகினார். எல்லை உண்டு என்று எழுதிய சிமிட் நாசிக் கட்சியில் சேர்ந்தார்.

போருக்குப் பின் 1949 மே 23 அன்று வெளியிடப்பட்ட மேற்கு செருமனியின் அடிப்படைச் சட்டம் இந்தப் படிப்பினையை எழுத்திலேயே பதிவு செய்தது. மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி முதலிய கோட்பாடுகளை எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாது என்று அதன் 79 ஆம் பிரிவின் 3 ஆம் உட்பிரிவு கூறுகிறது. இந்திய அரசியலமைப்பில் அத்தகைய வாசகம் இல்லை. வாசகம் இல்லாவிடினும் எல்லை உண்டு என்று நிறுவுவதே கான்ராட் எடுத்துக்கொண்ட பணி.

கோட்பாட்டின் சாரம்

கான்ராடின் வாதத்தைச் சுருக்கமாகப் பின்வருமாறு கூறலாம். அரசியலமைப்பை உருவாக்கும் அதிகாரம் மக்களுடையது. அதைத் திருத்தும் அதிகாரம் அரசியலமைப்பால் நாடாளுமன்றத்துக்கு வழங்கப்பட்டது. வழங்கப்பட்ட அதிகாரம், எவ்வளவு விரிந்த சொற்களால் வழங்கப்பட்டிருந்தாலும், தன்னை வழங்கிய மூலத்தை அழிக்க இயலாது. ஓர் அவை தனக்கு அதிகாரம் தந்த அரசியலமைப்பின் ஆதாரத் தூண்களைத் தகர்த்தால், தான் நிற்கும் இடத்தையே இழக்கிறது. ஆகவே திருத்தம் என்பது இருக்கும் ஒன்றை மாற்றுவதாக இருக்கலாமேயன்றி, அதை இல்லாமற் செய்வதாக இருக்க முடியாது.

சஜ்ஜன் சிங் வழக்கு வரை இவ்விவாதம் பெரும்பாலும் அடிப்படை உரிமைகளைச் சுற்றியே நடந்தது. உரிமை ஒன்றைக் குறைப்பது பற்றி மட்டும் பேசாமல், அரசியலமைப்பு முழுவதன் அடையாளம் பற்றிப் பேசியதே கான்ராடின் வாதத்தில் புதுமை.

சென்னை வழியே நீதிமன்றத்துக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அனைத்துலகச் சட்டத்துக்கும் அரசியலமைப்புச் சட்டத்துக்குமான துறையை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் போலந்து நாட்டுப் பின்புலம் கொண்ட சார்லசு அலெக்சாண்டரோவிச். அவரது முயற்சியால் 1952 முதல் இந்திய அனைத்துலக விவகார ஆண்டு மலர் சென்னையிலிருந்து வெளிவந்தது.

கான்ராட் தம் கட்டுரையைச் சென்னையில் இருந்த பேராசிரியர் டி. எஸ். ராமராவின் கருத்தறிய முன்னதாகவே அனுப்பியிருந்தார். அக்கட்டுரை மூத்த வழக்கறிஞர் எம். கே. நம்பியாரின் பார்வைக்கு வந்தது. மங்களூரிலும் பின்னர் சென்னையிலும் தொழில் புரிந்த நம்பியார், ஏ. கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் வழக்கில் (1950) பொதுவுடைமைத் தலைவர் கோபாலனுக்காக வாதாடியவர். இவருடைய மகன் கே. கே. வேணுகோபால் 2017 முதல் 2022 வரை இந்தியாவின் தலைமை வழக்கறிஞராக இருந்தார்.

கான்ராடின் ஆய்வு விரிவான வடிவில் மேற்கூறிய ஆண்டு மலரின் 1966-67 தொகுதியில் வெளியாயிற்று. காசியில் பேசப்பட்ட கருத்து இவ்வாறு சென்னையில் அச்சேறியது.

கோலக்நாத் வழக்கு (1967)

பஞ்சாபில் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தை இழக்க நேர்ந்த கோலக்நாத் குடும்பத்தார் 17 ஆம் திருத்தத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். பதினொரு நீதிபதிகள் விசாரித்த இவ்வழக்கில் நம்பியார் கான்ராடின் கட்டுரையை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்.

1967 பிப்ரவரி 27 அன்று வெளிவந்த தீர்ப்பில், நாடாளுமன்றம் இனி அடிப்படை உரிமைகளைக் குறைக்க முடியாது என்று 6-5 என்ற கணக்கில் கூறப்பட்டது. ஆனால் அதற்கு நீதிபதிகள் சொன்ன காரணம் வேறு. திருத்தமும் 13 ஆம் பிரிவில் கூறப்படும் 'சட்டம்' என்பதில் அடங்கும், ஆகவே உரிமைகளைப் பறிக்கும் திருத்தம் செல்லாது என்பது தலைமை நீதிபதி சுப்பாராவ் முதலிய பெரும்பான்மையோரின் வாதம். உள்ளுறை எல்லை பற்றிய வாதம் வலுவுடையது என்று சுப்பாராவ் குறிப்பிட்டாலும், அதைத் தீர்மானிக்க வேண்டிய தேவை எழவில்லை என்று விட்டுவிட்டார்.

கேசவானந்த பாரதி வழக்கு (1973)

கோலக்நாத் தீர்ப்பைக் கடக்க நாடாளுமன்றம் 1971 இல் 24 ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 13 ஆம் பிரிவு அரசியலமைப்புத் திருத்தங்களுக்குப் பொருந்தாது என்று அது கூறியது. இதனால் சுப்பாராவின் காரணம் பயனற்றுப் போனது. விட்டுவைக்கப்பட்ட கான்ராடின் வாதம் மீண்டும் முன்னுக்கு வந்தது.

கேரளத்தின் காசர்கோடு பகுதியில் உள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து 1970 இல் வழக்குத் தொடுத்தார். நானி பல்கிவாலா இவர் சார்பில் வாதாடினார். பதின்மூன்று நீதிபதிகள் 68 நாட்கள் விசாரித்து, 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்பளித்தனர். அரசியலமைப்பின் எந்தப் பிரிவையும் நாடாளுமன்றம் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்பது 7-6 என்ற கணக்கில் கிடைத்த முடிவு.

ஏழு பேரில் நீதிபதி எச். ஆர். கன்னாவின் கருத்தே முடிவைத் தீர்மானித்தது. அடிப்படை உரிமைகளைத் திருத்தவே முடியாது என்பதை அவர் ஏற்கவில்லை. எனினும் 'திருத்தம்' என்ற சொல்லே பழைய அரசியலமைப்பு அடையாளம் இழக்காமல் நீடிப்பதைக் குறிக்கிறது என்றார். இவ்விடத்தில் ஆண்டு மலரில் வெளிவந்த கான்ராடின் கட்டுரையை அவர் எடுத்துக்காட்டினார்.

கற்பனைகள் மெய்யான காலம்

1965 இல் கான்ராட் முன்வைத்த கற்பனைகளுள் சில பத்தாண்டுகளில் மெய்ம்மைக்கு அருகில் வந்தன. 1975 சூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் நிறைவேறிய 39 ஆம் திருத்தம், பிரதமரின் தேர்தலை நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1975 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டைப் பயன்படுத்தி அத்திருத்தத்தின் அப்பகுதியை நீக்கியது. மற்ற காரணங்களால் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லும் என்று முடிவாயிற்று.

அடுத்த சில நாட்களில் கேசவானந்த பாரதி தீர்ப்பையே மறு ஆய்வு செய்யத் தலைமை நீதிபதி ஏ. என். ராய் பதின்மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயத்தைக் கூட்டினார். இரண்டு நாட்கள் விசாரணைக்குப் பின் அந்த ஆயம் கலைக்கப்பட்டது.

21 ஆம் பிரிவு பற்றிய இரண்டாம் வினா வேறு வடிவில் வந்தது. அப்பிரிவு நீக்கப்படவில்லை; ஆனால் அதைச் செயற்படுத்தும்படி நீதிமன்றத்தை அணுகும் உரிமை குடியரசுத் தலைவர் ஆணையால் நிறுத்தி வைக்கப்பட்டது. காவலில் வைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் நால்வர் தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். 1977 சனவரியில் அவரைக் கடந்து இளையவரான பெய்க் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். ஜபல்பூர் தீர்ப்பு தவறானது என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று தனியுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்றும், திருத்தங்களை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்றும் 1976 இன் 42 ஆம் திருத்தம் 368 ஆம் பிரிவில் எழுதிச் சேர்த்தது. மினர்வா மில்ஸ் வழக்கில் 1980 சூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாசகங்களை நீக்கியது. வரம்புள்ள அதிகாரத்தைப் பெற்ற அமைப்பு, அதே அதிகாரத்தைக் கொண்டு தன்னை வரம்பற்றதாக்கிக்கொள்ள முடியாது என்பதே அதன் காரணம். கான்ராடின் மூன்றாம் வினாவுக்கு இதை விடையாகக் கொள்ளலாம்.

கூடலூர் நிலமும் ஒன்பதாம் அட்டவணையும்

இக்கோட்பாடு தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றின் வழியாகவும் வளர்ந்தது. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் பகுதியில் இருந்த சன்ம நிலங்கள் தொடர்பான 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பகுதியை 1972 இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 1974 இல் 34 ஆம் திருத்தத்தின் மூலம் அச்சட்டம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அந்த அட்டவணையில் உள்ள சட்டங்களை அடிப்படை உரிமைகளின் பெயரால் எதிர்க்க முடியாது.

இதை எதிர்த்த ஐ. ஆர். கோயலோ எதிர் தமிழ்நாடு மாநிலம் வழக்கில், ஒன்பது நீதிபதிகள் 2007 சனவரி 11 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கேசவானந்த பாரதி தீர்ப்பு வெளிவந்த 1973 ஏப்ரல் 24 க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்கள், அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கின்றனவா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்பது அத்தீர்ப்பு.

பிற நாடுகளில்

வங்காளதேச உச்ச நீதிமன்றம் 1989 செப்டம்பரில் இக்கோட்பாட்டை ஏற்று எட்டாவது திருத்தத்தின் ஒரு பகுதியை நீக்கியது. பாக்கித்தான் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், தம் அரசியலமைப்புக்கு மாற்றவியலாத சில சிறப்புக் கூறுகள் உண்டு என்று 2015 இல் ஏற்றனர். கென்யாவில் கீழமை நீதிமன்றங்கள் 2021 இல் கோட்பாட்டை ஏற்றபோதும், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் அதை ஏற்கவில்லை.

விமர்சனங்கள்

அடிப்படைக் கட்டமைப்பு என்ற சொற்றொடர் இந்திய அரசியலமைப்பில் எங்கும் இல்லை. எவையெல்லாம் அதில் அடங்கும் என்ற முடிவான பட்டியலும் இல்லை. அரசியலமைப்பின் மேலாண்மை, மக்களாட்சிக் குடியரசு, மதச்சார்பின்மை, அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி ஆகியவற்றைத் தலைமை நீதிபதி சிக்ரி 1973 இல் குறிப்பிட்டார். பிற்காலத் தீர்ப்புகள் மேலும் பலவற்றைச் சேர்த்தன. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள், தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் முடிவை இவ்வளவு தெளிவற்ற அளவுகோலால் ஒதுக்கலாமா என்பது முதன்மையான எதிர்வாதம். கேசவானந்த பாரதி வழக்கில் உண்மையில் வென்றவர் யார் என்ற வினாவை எழுப்பிப் பேராசிரியர் பி. கே. திரிபாதி 1974 இல் கட்டுரை எழுதினார். நீதிபதிகள் நியமன ஆணையத்தை உருவாக்கிய 99 ஆம் திருத்தம் 2015 அக்டோபர் 16 அன்று நீக்கப்பட்டபோது இவ்விவாதம் மீண்டும் வலுப்பெற்றது.

செருமனியில் எல்லை எழுத்தில் உள்ளது. இந்தியாவில் அது நீதிபதிகளின் விளக்கத்தில் உள்ளது. இந்த வேறுபாட்டைக் கருதினால் எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. கான்ராடும் 1977-78 இல் இப்பொருளை மறு ஆய்வு செய்து எழுதினார்.

எழுத்துகள்

* திருத்த நடைமுறைகளின் எல்லையும் அரசியலமைப்பை ஆக்கும் அதிகாரமும் பற்றிய கட்டுரை - இந்திய அனைத்துலக விவகார ஆண்டு மலர், சென்னை, 1966-67
* ஆக்கும் அதிகாரம், திருத்தம், அடிப்படைக் கட்டமைப்பு ஆகியவை பற்றிய மறு ஆய்வு - டெல்லி சட்ட ஆய்விதழ், 1977-78
* இந்தியாவில் சட்டத்தின் ஆட்சியும் தனிநபர் சட்டங்களின் அரசியலமைப்புச் சிக்கல்களும் பற்றிய கட்டுரை - 1998
* இந்தியா, பாக்கித்தான் ஆகிய நாடுகளின் அரசியலமைப்புச் சட்டமும் சட்டப் பண்பாடும் பற்றிய கட்டுரைகளின் தொகுப்பு நூல் (செருமன் மொழியில்) - 1999

மதிப்பீடு

கேசவானந்த பாரதி வழக்கைப் படிக்கும் மாணவர்கள் பல்கிவாலாவையும் கன்னாவையும் அறிவர். கான்ராடின் பெயரை அறிந்தோர் குறைவு. இந்தியா இவருக்குப் பட்டுள்ள கடனைச் சட்ட அறிஞர் ஏ. ஜி. நூரானி 2001 இல் பிரண்ட்லைன் இதழில் எழுதிய கட்டுரையில் நினைவுபடுத்தினார். முதோல்கர் போன்ற இந்திய நீதிபதிகளும் இதே திசையில் சிந்தித்திருந்ததால், இக்கோட்பாட்டைக் கான்ராட் ஒருவருடையதாகவே கூறுவது பொருந்தாது. பெரும்பான்மை வாக்கின் மூலமே மக்களாட்சியை அழிக்க முடியும் என்பதைத் தம் நாட்டின் அனுபவத்திலிருந்து எடுத்துரைத்து, அதைத் தடுக்கும் சட்ட வாதத்தை இந்தியச் சூழலுக்கு ஏற்ப வகுத்தளித்ததே இவருடைய பங்களிப்பு.

இவற்றையும் பார்க்க

* அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு
* கேசவானந்த பாரதி வழக்கு
* செண்பகம் துரைராசன் வழக்கு
* நெருக்கடி நிலை (இந்தியா)
* வைமார் குடியரசு